அச்சடித்த பக்கம்

கிள்ளான் வட்டாரப் பெண்களை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீட்பதற்கென்றே பிறவி எடுத்தவர் சங்கத் தலைவர் பரமேஸ்வரன். அந்த இளஞ்சிவப்புப் பதாகையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அவருடைய மனைவி தாமரையைக் கடைசியாகக் குளிப்பாட்ட மறைப்பு வேண்டியிருந்ததால், மகள் மாதவி அதை எடுத்து வாசல் கூரைக் கம்பிகளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அச்சு உள்பக்கம் இருக்கட்டும்மா," என்றார் அப்பா வெளியிலிருந்து. "ஆளுங்க வராங்க. பாத்தா நல்லா இருக்காது."

ஆகவே பதாகையிலிருந்த அவர் முகம் உள்ளே வந்தது. கூப்பிய கையும் புன்னகையுமாக, 'இன்றே பரிசோதிப்பீர்' என்ற வாசகத்தோடு, மனைவியின் பிணத்தைப் பார்த்தபடி நின்றார்.

புனிதா சித்தி துணியை விலக்கினாள். இடது மார்பைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி, இத வச்சிக்கிட்டா எனக்கு தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக் குடுத்த?"

"யாருகிட்டயும் சொல்லல சித்தி, ஆஸ்பத்திரில சேத்தப்பகூட காய்ச்சல்னுதான் சொன்னோம். தலைவர் வீட்லயே இப்படின்னா அப்பாவுக்கு அசிங்கமாம்."

போன வருட முகாமில் அம்மாதான் வரிசையில் முதல் ஆள். மண்டபத்து வாசலில், மார்பைப் படமெடுத்துப் பார்க்கும் மெமோகிராம் லோரி நின்றது. அப்பா ஓடி வந்தார். "நீ ஏன் இங்க நிக்கிற? வி.ஐ.பி.க்கு குடிக்க தே தாரிக் கொண்டு போ லா." அம்மா போனாள். மண்டபத்துக்குள் நாற்காலிகள் காலியாகத் தெரிந்ததால் மற்ற பெண்களையும் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, மறுபடி பொன்னாடை. தாமதிக்காதீர்கள் என்று அப்பா வெகுநேரம் பேசினார். லோரி அடுத்து காப்பார் ஊருக்குப் போகவேண்டும். போய்விட்டது.

மாதவி தண்ணீர் ஊற்ற, மஞ்சள் கரைந்து கால்வாய்ப் பக்கம் ஓடியது. காற்றில் பதாகை உப்பி, அப்பாவின் முகம் அம்மாவின் நெற்றியைத் தொட வந்து திரும்பியது.

"சித்தி."

"என்னடி?"

மாதவி சித்தியின் ஈரக் கையைப் பிடித்துத் தன் சட்டைமேல், அக்குளுக்குக் கீழே வைத்தாள். சித்தி அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். வெளியே யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

"எப்பலேந்து?"

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்பவே."

சித்தி பதாகையை விலக்கித் தலையை நீட்டினாள். "மாமா, இவளுக்கும் கட்டி இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

இரங்கல் உரையை முணுமுணுத்துக்கொண்டிருந்த அப்பாவின் உதடுகள் நின்றன. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா பேசு, புனிதா. பதினாறு முடியட்டும். அடுத்த மாசம் தாமரை நினைவா முகாம் வைக்கிறோம், நம்ம லோரியே வருது. தலைவர் மக வெளில போய்ப் பாத்தா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"ப்பா," என்றாள் மாதவி, மறைப்புக்குள்ளிருந்தே. "போன வருஷம் அந்த லோரில எத்தன பேரப் பாத்தாங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

அப்பா மைக்கை நோக்கி நடந்தார். மாதவி அம்மாவின் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"காலைல எத்தன மணிக்கு வர, சித்தி?"

"கெளம்பி நில்லு. வரேன்."

ஒலிபெருக்கியில் அப்பா தொண்டையைச் செருமினார்.

போன வருடம் அந்த லோரிக்குள் ஏறியவர் பரமேஸ்வரன் ஒருவர்தான். படம் எடுத்துக்கொள்வதற்காக.