எதிர்த்தரப்பு

அரசு வக்கீல் அலுவலகத்தில் மாணவர் பயிற்சிக்கு நேர்காணல். அக்கா உள்ளே இருந்தாள். நான் அவள் பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்கு இருந்தது ஆடும் பாதிக் கதவுதான். உள்ளே பேசுவதெல்லாம் காதில் விழுந்தது. விழாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்காவோடு சட்டம் படிப்பவர்களுக்கு மாமாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருந்தார்கள். எங்களுக்கு யாருமில்லை. தனியார் ஆபீஸ்களில் ஏறி இறங்கிப் பார்த்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் அனுப்பவே இல்லை. இங்கேதான் சிபாரிசு கேட்கவில்லை. நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலையும் கிடைக்கலாம்.

ஆனால் அண்ணன் ஓட்டிய வேன் மோதி ஒருவருக்குக் கால் போயிருந்தது. தண்டனை ஆகி, மேல்முறையீடு போட்டு, ஜாமீனில் இருக்கிறான். அதில் எங்களுக்கு எதிராக வாதாடுவது இதே ஆபீஸ்.

"நீங்க என் தங்கச்சிங்கன்னு தெரிஞ்சா கடுப்பாகி என்னை உள்ளே தள்ளிடுவாங்க. ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க," என்று காலையில் சொன்னான் அண்ணன்.

"கேட்டா என்ன சொல்றதுண்ணா?" என்றேன் நான்.

"உன் மூஞ்சியைப் பார்த்தா யாருக்கும் எதுவும் கேட்கத் தோணாது."

வாசலில் நின்ற பியூன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் வக்கீலுக்குப் படிக்கிறியாம்மா?"

"இல்லைங்க. துணைக்கு வந்தேன்."

"துணைக்கு வந்த ஆளே இப்படி வெளிறிப் போனா, உள்ளே இருக்கிற பிள்ளை கதி என்ன?"

எனக்குச் சிரிக்க வரவில்லை.

உள்ளே நேர்காணல் எடுத்த அரசு வக்கீல் மேடம் ஒரு பழைய தீர்ப்பைக் கொடுத்துச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். அக்கா தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கே மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அப்போதுதான் சொன்னாள்:

"இந்த இடத்துல எதிர்த்தரப்பு, சாட்சியைச் சரியா விசாரிக்கலை, மேடம்."



"எதிர்த்தரப்புன்னா யாரு?"

"அரசு வக்கீல்..." அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு. எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிவிட்டது, எதிர்த்தரப்புக்கு ஜலதோஷமாம், இன்றைக்கு வழக்கு வராது. சோறு போடும்போதுகூட அதே பேச்சு.

"இப்போ யார் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கே?"

"வாய் தவறி வந்துடுச்சு மேடம்."

"இங்கே வர்ற பிள்ளைங்க சட்டத்தைத் தப்பா சொல்லும். தான் எந்தத் தரப்புன்னு தப்பா சொல்லாது. வீட்டுல யாருக்கும்மா கேஸு?"

குடையின் கம்பி என் உள்ளங்கையில் குத்தியது. யாருக்கும் இல்லை என்று சொல்லிவிடு அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எங்க அண்ணனுக்கு," என்றாள் அக்கா. வழக்கு எண்ணையும் சொன்னாள்.

நாற்காலி நகர்ந்தது. பீரோ திறந்து மூடியது.

"இது என் கேஸ். அடுத்த மாசம் நான்தான் பேசப்போறேன்."

கேஸ் கட்டு மேஜைமேல் விழுந்தது.

"இனிமே நீ இந்த அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. மாடியில வரி வழக்குப் பிரிவு இருக்கு. அவங்களுக்கும் ஆள் வேணும். விஷயத்தைச் சொல்லி அனுப்புறேன். எடுக்கிறதும் எடுக்காததும் அவங்க இஷ்டம்."

"சரி மேடம்."

"நீ இங்கே வந்ததை உங்க வக்கீல்கிட்ட நானே தெரிவிக்கணும். இன்னைக்கே சொல்லிடுவேன். அப்புறம், நீ வந்தேன்னு உங்க அண்ணன் கேஸ்ல நான் குறைச்சுப் பேசமாட்டேன்."

"தெரியும் மேடம்."

"கூட்டியும் பேசமாட்டேன். போ."

அக்கா வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டாள். மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"நான் மேலே போறேன். வக்கீல் போன் பண்றதுக்குள்ள நீ வீட்டுக்குப் போய், இங்கே விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடு."

"நானா?"

"நான் சொன்னா அடிக்க வருவான். நீ சொன்னா கத்துறதோட விடுவான்."

அவள் மேலே போய்விட்டாள். நான் தெருவுக்கு வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். 'அண்ணா' என்ற வார்த்தைக்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டியபடி, "சொல்லுங்க வக்கீல் சார்," என்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.