பாதி விலைக்கு ஒரு கொள்கை

லங்காஷயரில், ஆக்கன்ஷா நகரசபையின் வாடகை வீட்டில் வில்ஃப் ஆர்மராடும் அவன் மனைவி நார்மாவும் இருபத்து மூன்று வருடமாகக் குடியிருந்தார்கள். வில்ஃப் பஸ் ஓட்டினான். மிச்ச நேரத்தில் கொள்கை பேசினான். நகரசபை வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்கலாம் என்று லண்டனில் சட்டம் போட்டபோது, தொழிலாளர் கிளப்பில் மேசைமேல் ஏறாத குறையாகக் கத்தினான்.

"ஊர்ச் சொத்துடா இது! நமக்கப்புறம் வர்றவன் எங்க போவான்? வாங்குறவன் எவனா இருந்தாலும் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது!"

பக்கத்து வீட்டு ஸ்டான் ஹெப்டன் பீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான். மனைவியை இழந்த தனிக்கட்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

ஒரு சனிக்கிழமை நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. இருபது வருடத்துக்குமேல் இருந்தவர்களுக்குப் பாதி விலை. வில்ஃப் அதை மூன்று தடவை படித்தான். மூன்றாம் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு. கொள்கை செவ்வாய்க்கிழமைவரை உயிரோடு இருந்தது.

"நார்மா, யோசிச்சுப் பாத்தா, நாம வாங்கலைன்னா வேற எவனாவது வாங்கிடுவான்."

"நாம குடியிருக்கற வீட்டை வேற எவன் வந்து வாங்குவான்?"

"அட, கொள்கை வேற, புத்திசாலித்தனம் வேற."

"அப்ப இத்தனை நாளா உன்கிட்ட இருந்தது எது?"

கேட்டாளே தவிர, பத்திரத்தில் அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். யாரிடமும் அனுமதி கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்று அவளுக்கும் வெகுநாள் ஆசை.

சொந்தக்காரன் ஆனதும் வில்ஃப் முன்சுவர் முழுக்கப் போலிக் கல் ஒட்டினான். ஸ்டானின் பக்கம் வந்ததும் கல் கத்தரித்ததுபோல நின்றது. ஒரே கட்டடத்தில் பாதி கோட்டை, பாதி குடியிருப்பு. "வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தோட்டத்துல அக்கறையே இருக்காது," என்று வேலியோரம் நின்று வருத்தப்பட்டான். தெருவிலேயே நல்ல ரோஜா ஸ்டானுடையது.

நாலு வருடம் இப்படிப் பிரபுத்துவமாகப் போயிற்று. பிறகு மகள் கிளெனிஸ் கைக்குழந்தையோடும், ஆலை மூடி வேலை போன கணவனோடும் வந்து நின்றாள். நகரசபையில் வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். ஏழு வருடம் ஆகும் என்றார்களாம். வில்ஃப் நார்மாவை இழுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனான்.

"உங்க தெருவுல முப்பத்திரண்டு வீடு இருந்துச்சு," என்றாள் அங்கிருந்த பெண். "இப்ப எங்க கையில பதினொண்ணுதான்."

"மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

அவள் பேரேட்டில் விரலை ஓட்டினாள். "ஆர்மராட்னுதானே சொன்னீங்க? இதோ, ஒண்ணு உங்ககிட்டதான் வந்திருக்கு."

"புதுசா கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வித்த காசுல கட்ட மேலிடம் விடணுமே!"

வெளியே வந்ததும் வில்ஃப் பொரிந்தான். "இருந்த வீட்டையெல்லாம் வித்துத் தின்னுட்டானுங்க!"

"ஆமா," என்றாள் நார்மா. "யாரோ வாங்கியும் இருக்காங்க. கடங்காரங்க!"

கிளெனிஸ் குடும்பம் பின் படுக்கையறையில் அடைந்தது. குழந்தை அழுகிற அழுகையில் வில்ஃப் காலை பஸ்ஸில் கண் சொக்கினான். ஒரு நாள் ஸ்டான் வந்து, பிளாக்பூலில் இருக்கிற அக்கா கூப்பிடுகிறாள், போகலாமென்று இருக்கிறேன் என்றான். தனக்கும் பாதி விலைக் கடிதம் வந்திருக்கிறதாம்.

வில்ஃப் பதறிப்போனான். "வாங்கிடாத ஸ்டான்! ஊர்ச் சொத்துடா!"

நார்மாவுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஸ்டான் போலிக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பயப்படாத. நான் வாங்கலை. ஆனா இப்ப நீ சொல்றதுக்காக இல்ல. அன்னிக்குக் கிளப்புல பேசினே பாரு, அதை நான் நம்பித் தொலைச்சுட்டேன்."

சாவியை நகரசபையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வீடு கிளெனிஸுக்குத்தான் என்று வில்ஃபுக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் திரைச்சீலைக்கு அளவுகூட எடுத்தான். மூன்றாவது வாரம் ஒரு லாரி வந்து நின்றது. ஒரு பெண்ணும் மூன்று பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"எவளோ வந்துட்டா பாரு, நம்ம வீட்டுக்கு!"

"நம்ம வீடு இது. பத்திரம் அலமாரியில இருக்கு, போய்ப் பாரு," என்று சொல்லிவிட்டு நார்மா தேநீர்க் கெண்டியோடு அங்கே போனாள்.

அந்தப் பெண் பெயர் மர்ட்டில். காலிச் சமையலறையில் நின்று குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "ஏழு வருஷம் மூணு குடும்பத்துக்கு ஒரே அடுப்பு," என்றாள். "இது எங்களுக்கு மட்டுமாம். நம்பவே முடியலை." சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. நார்மா தேநீரை ஊற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வந்து வில்ஃபை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். "புதுசா வாங்கின அடுப்பு லாரியில நிக்குது. அவளால தனியாத் தூக்க முடியாது. போ."

முணுமுணுத்துக்கொண்டே போனான். "நீங்களும் இங்க வாடகைக்கா?" என்று மர்ட்டில் கேட்டாள். கல், பத்திரம், தோட்டம் என்று ஆரம்பிப்பான் என நார்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பக்கத்து வீடு," என்றான் வில்ஃப். "அந்த முனையைப் பிடிம்மா. படி இருக்கு, பாத்து."