பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தண்ணீர்

லவினாவின் புள்ளியியல் பாடநூலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பீரியடில். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம், திருத்தலாம் என்று கல்லூரி விட்டிருந்த புத்தகம் அது. கடைசி அத்தியாயத்தைத் திறந்த போன்களிலிருந்தெல்லாம் செம்மண் நிறத்தில் சொட்டியது. "மேடம், பன்னெண்டு ஈரமா கீது" என்றாள் மாணவி மமதா. லவினா அவள் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பதினொன்றை நடத்தினாள்.

ஆறு பேர் மூன்று வருடம் எழுதிய புத்தகம். வெளியீட்டு விழாவில் மேளம், சால்வை எல்லாம் இருந்தது. மறுநாளே திட்டத்தை முடித்து அறையைப் பூட்டினார்கள். மற்ற ஐந்து பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வேலை செய்யாத லிங்க், பழைய மக்கள்தொகைக் கணக்கு, விடை தப்பான பயிற்சி, இவற்றின் வழியாகத்தான் தண்ணீர் கசிந்தது. தினமும் வகுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினால் ஒரு பக்கம் இறங்கும். ஒரு நாள் விட்டால் இரண்டு பக்கம் ஏறும். துணைக்கு ஒரு ஆள் கேட்டதற்கு முதல்வர் மனோகர், "புக்குதான் முடிஞ்சிபோச்சே மேடம், இன்னும் இன்னா வேலை?" என்றார். அவருடைய அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஷிப்ட் பார்த்தவர். பம்பை நிறுத்திய பிறகு சுரங்கம் லெவல் லெவலாக முழுகியதைப் பார்த்த ஊர் இது. இந்த ஊரில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கிறாரே என்று இருந்தது லவினாவுக்கு. "உங்கப்பாவ கேளுங்க சார்" என்றாள். அந்த வருடம் அவளுடைய பணி மதிப்பீட்டில் அவர், ஆராய்ச்சி ஏதும் செய்யவில்லை என்று எழுதினார்.

ஐந்து வருடம் அவள் ஒருத்தியாகவே இறைத்தாள். பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. பக்கத்து பேத்தமங்களாவிலிருந்து வடகோடி பீதர் வரை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள், சூப்பர் என்று எழுதினார்கள். ஒருவரும் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. டைபாய்டில் பதினெட்டு நாள் படுத்து அவள் எழுந்தபோது பன்னிரண்டிலிருந்து ஏழாம் அத்தியாயம் வரை முழுகியிருந்தது.

பாடத்திட்டக் குழு அவசரமாகக் கூடியது. இப்போதாவது ஆள் தருவார்கள் என்று லவினா போய் உட்கார்ந்தாள். இனி இந்தப் பாடத்துக்கு முழுகாத ஆறு யூனிட் போதும் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். பாடம் பாதியானதற்கு மாணவர்கள் லட்டு கொடுத்தார்கள். அதற்குள் அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வந்திருந்த மமதாவிடம், ஏழாம் அத்தியாயத்தையாவது சேர்ந்து மீட்கலாம் வா என்றாள் லவினா. "அது இன்னாத்துக்கு மேடம், எக்ஸாம்லயே வராதே" என்றாள் மமதா, மரியாதையாகத்தான். லவினா அன்று கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அதன்பிறகும் திறக்கவில்லை.

இப்போது குழு ஒவ்வொரு ஜூனிலும் கூடுகிறது. தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று லவினாவைக் கேட்டு எழுதிக்கொள்கிறது. இந்த வருடம் நான்கு யூனிட்.