உள்ளே நடந்த மூலைக்கல்

நைல் வடிந்தபோது ஹெனுத், தூயா என்ற அக்கா தங்கையின் வயலில் நான்காவது மூலைக்கல் ஒன்பது முழம் உள்ளே நடந்து வந்திருந்தது. அரசாங்கத்துக்காகக் கயிறு பிடித்து நிலம் அளக்கும் இப்பூய் அதைப் பார்த்து வியக்கவில்லை. கல் நடந்த தடம் சேற்றில் தெளிவாக இருந்தது, அளந்து எழுதிக்கொண்டான். தகப்பன் விட்டுப்போன வாத்துகளுக்காகச் சகோதரிகள் பேச்சை நிறுத்தி, எதிரெதிர் மூலை மேடுகளில் தனித்தனியாக வீடு கட்டிக்கொண்ட வருடம் அது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளத்திலும் கல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. நான்காம் வருடம் அது இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள நேர்கோட்டைத் தாண்டியது. வயல் இடுப்பில் குத்து வாங்கியவனைப் போல மடங்கியது. அன்று முதல் ஒருத்திக்கு மற்றவள் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. அந்த ஊர்ப்பக்கம் கண்ணும் காதும் சொந்த நிலத்தின் மேல்தான் போகும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தூயா நிறைமாதமாக இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. புருஷன் கல்லுடைக்கும் மலையில் இருந்தான். சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்தவள் ஹெனுத் ஒருத்திதான். இப்பூய் அளக்க வந்த காலையில் அவள், பிள்ளை பெறுகிறவள் குந்தி உட்காரும் பிரசவச் செங்கற்களைத் தலையில் வைத்தபடி வரப்பில் நின்றிருந்தாள்.

"மூணு தடவ நேரா அவ வீடு இருக்கிற திக்கப் பாத்துதான் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் பனேப் வயல்ல போய் நிக்கிறேன். வீட்டையே காணோம். உசுரோட இருக்காளா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்கண்ணே."

இப்பூய் கயிற்றை அவிழ்த்தான். வழக்கப்படி முதல் கயிற்றை, இப்போது வீடுகள் நிற்கும் அந்த இரண்டு மூலைகளுக்கும் இடையே பிடித்தான். சகோதரிகளின் தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். வயல் நடுவில் கயிறு விழும், இரண்டு முக்கோணம் கிடைக்கும். இந்த முறை கயிறு பக்கத்து நிலத்துக்காரன் பனேப்பின் ஈர விதைப்பின் மேல் விழுந்தது.

"அக்கா தங்கச்சி சண்டைக்கு என் நெலத்தையா அளப்பீங்க? நேத்துதான்யா வெதச்சேன்," என்றான் பனேப். "கயித்த எடுக்கிறீங்களா, நான் வாத்த அவுத்து விடவா?"

இப்பூய் கயிற்றைச் சுருட்டினான். உள்ளே வந்த கல்லில் ஒரு நுனியைக் கட்டி, எதிர் மூலைக்கு இழுத்தான். இந்தக் கயிறு முழுக்க வயலுக்குள்ளேயே கிடந்தது. அதன்மேல் நின்று இடப்பக்கம் பார்த்தான்: ஹெனுத். வலப்பக்கம் பார்த்தான்: வாசலைப் பிடித்துக்கொண்டு தூயா.

"நேரா போகாதம்மா. கல்லுகிட்ட வா."

ஹெனுத் வந்தாள். தங்கை தெரிந்தாள். "ஏண்டி, அசையாம நின்னா புள்ள தானா வந்துடுமா? இங்க வாடி," என்று கத்தினாள். நான்கு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. "வலிக்குதுக்கா," என்றாள் தூயா, வயிற்றைப் பிடித்தபடி நடந்துகொண்டே.

கல்லருகிலேயே செங்கற்களை வைத்தார்கள். உச்சிவெயிலுக்கு முன் பெண் குழந்தை பிறந்து, அழுதது. பனேப் திரும்பி நின்று ரொட்டி தின்றான்.

அதற்கடுத்த வெள்ளங்களில் கல் நகரவில்லை, திரும்பியும் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. இப்பூய் பாப்பிரஸ் தாளில் 'நான்கு பக்கம், ஒரு மூலை உள்ளே' என்று எழுதினான். வருடாவருடம் கல்லிலிருந்தே கயிறு பிடித்தான். குழந்தை நடை பழகியதும் அந்தக் கயிற்றின் வழியே போய்வந்தது. அங்கே நடந்தால் அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றாகக் கூப்பிடுவது கேட்கும்.