கிழவனும் துரையும் குடித்த டீசல்

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறும். குறை சொல்ல நான் இருக்கிறேன், வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள், கூடவே அவள் அப்பா ஓட்டிய சிவப்பு டிராக்டரையும் கொண்டு வந்தாள். அதற்குக் கிழவன் என்று பெயர் வைத்தது நான்தான். என் வீட்டுக்காரர் ஓட்டும் நீல டிராக்டர் துரை. துரைக்கும் ஒன்றும் வயது குறைவில்லை. அவர் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதால் புதுசு போலத் தெரியும்.

இரண்டும் டீசலை மடக் மடக்கென்று குடித்தன. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான், அதிலும் இரண்டு யானை. ஒன்றை விற்றுவிடுவது என்று முடிவானது. எது போகும் என்பதில் வீடு இரண்டுபட்டது. கிழவன் போனால் அவள் அப்பாவின் வண்டி போகும். அதோடு அவள் ஓட்டுவதும் நின்றுவிடும், ஏனென்றால் துரையின் இருக்கையில் என் வீட்டுக்காரர் தன் தம்பியைக்கூட உட்காரவிட்டதில்லை.

கொழுந்தனைக் கேட்டால், “நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க” என்று ஒதுங்கிவிட்டார். அந்த மனுஷன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

“சண்டை எதுக்கு மாமா? எது கம்மியா குடிக்குதோ அது இருக்கட்டும்” என்றாள் ஓரகத்தி, என் வீட்டுக்காரரைப் பார்த்து. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றார்.

ஒரே வயலில் கயிறு பிடித்து இரண்டு சம துண்டுகள் பிரித்தோம். கலப்பையும் ஒன்றுதான், ஆழமும் ஒன்றுதான். டேங்கை வாய்வரை நிரப்பிவிட்டு உழ வேண்டும். முடித்ததும் மறுபடி வாய்வரை நிரப்ப எவ்வளவு பிடிக்கிறதோ, அவ்வளவு குடித்திருக்கிறது என்று கணக்கு. அளவுக் குவளையை நானே வாங்கிக்கொண்டேன்.

முதலில் துரை. என் வீட்டுக்காரர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே! ஆக்ஸிலேட்டரை முழுக்கத் தள்ளிவிட்டு, சின்ன கியரில், கரும்புகை கக்கக் கக்க ஊரையே கூட்டிக்கொண்டு போனார். சத்தம் இருந்தால்தான் வேலை நடக்கிறது என்று அவருக்கு எண்ணம். வீட்டிலும் அப்படித்தான்.

முடித்து வந்து, மேட்டோரம் வண்டியைச் சாய்வாக நிறுத்தி, “ஊத்து” என்றார். ஊற்றினேன். டீசல் நுரைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததும், “போதும் போதும், நெறஞ்சிருச்சு” என்று மூடியைப் போட வந்தார்.

“யார்கிட்ட? என்கிட்டயேவா? வண்டிய சமதரையில நிறுத்துங்க. நுரை அடங்கட்டும்” என்றேன். அடங்கியது. அதற்கப்புறம் ஒரு குவளைக்கு மேல் பிடித்தது. மொத்தம் ஆறரை லிட்டர்.

அடுத்து அவள். கிழவன்மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு கியர் கூட்டிப் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் குறைத்து வைத்தாள். கிழவன் உறுமவே இல்லை, முனகிக்கொண்டே போனான். ஓரிடத்தில் மண் இறுகி இன்ஜின் திணறப் போனது. அந்தச் சத்தம் மாறுவதற்குள் கியரை இறக்கினாள், தாண்டியதும் ஏற்றினாள். மண் ஒரே சீராகப் புரண்டு விழுந்தது. இந்தப் பெண்ணோடு ஒரே அடுப்படியில் இத்தனை காலம் மல்லுக்கட்டிக்கொண்டு, அவள் கைவேலையை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறேனா?

ஐந்தே கால் லிட்டர்தான் பிடித்தது.

“அடி சக்கை!” என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. துரையின் மட்கார்டைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “சொன்ன சொல் சொன்னதுதான். துரை போகட்டும்” என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஓரகத்தி நகரவில்லை.

“இது சரியில்ல மாமா. நீங்க ஓட்டுற விதம் வேற, நான் ஓட்டுற விதம் வேற. ஜெயிச்சது கிழவனா, என் கையான்னு எப்படித் தெரியும்? துரையையும் நானே ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்.”

அவளைத் தரதரவென்று ஓரமாக இழுத்துப் போனேன். “உனக்கென்ன பைத்தியமாடி? ஜெயிச்சாச்சுல்ல, வாய மூடிக்கிட்டு வீட்டுக்கு வா. தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குவாங்களா?”

“டேங்க் நிரப்புறப்பல்லாம் எனக்கு உறுத்தும்க்கா. அது எங்க அப்பா வண்டி. அது பேருல ஒரு பொய் வேணாம்” என்றாள்.

பக்கத்தில் அதே அளவுக்கு இன்னொரு துண்டு பிரித்தோம். அவள் கையில் துரை அடங்கி ஒடுங்கிப் போவதை என் வீட்டுக்காரர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நிரப்பும்போது, கொஞ்சம் கீழே சிந்திவிட்டு அதையும் கணக்கில் சேர்த்துவிடலாமா என்று என் கை துடித்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காக ஊற்றினேன். நாலே முக்கால் லிட்டரில் நிறைந்துவிட்டது.

“கிழவனையே குடுத்துடுங்க மாமா” என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

என் வீட்டுக்காரர் துரையின் சாவியை உருவி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “துரை இருக்கட்டும். இனிமே ஓட்டுறது நீதாம்மா.”

“அப்ப நீங்க?”

“நான் பக்கத்துல நின்னு கத்துக்கறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிழவனிடம் போனாள். வெயிலில் சுட்ட பானெட்டின்மேல் கையை வைத்து, “அப்பா, உங்க வண்டிய நானே தோக்கடிச்சுட்டேன்பா” என்று வாய்விட்டு அழுதாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். “போடி கிறுக்கி. உன்னை மாதிரி ஒருத்தியப் பெத்தவருக்கு இது தோல்வியாடி?” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நானும் அழுதுவிட்டேன்.