அறுபத்து நாலாவது மூக்கு

அடுத்தவர் மூக்கு என்றால் கெர்டாவுக்கு அப்படி ஒரு உற்சாகம். டென்மார்க்கில் ஜட்லாந்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குள் தொற்று பரவாமல் காவல் காக்கும் நர்ஸ் அவள். பஞ்சுக் குச்சியோடு வார்டுக்குள் நுழைந்தால் பெரிய டாக்டரே பின்வாசல் பக்கம் நழுவப் பார்ப்பார். விடுவாளா? "தலையத் தூக்குங்க டாக்டர். மூக்கைத்தானே கேட்டேன், கிட்னியவா கேட்டேன்?" என்பாள்.

அந்த வசந்தத்தில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஏழு குழந்தைகளிடம், பெரியவர்கள் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும், மருந்துக்கு மசியாத கிருமி ஒன்று ஒட்டிக்கொண்டது. கெர்டா பட்டியல் போட்டு, அங்கே வேலை செய்யும் அறுபத்து மூன்று பேர் மூக்கையும் துழாவினாள். சிக்கியது ஒரே ஒருத்தி, உதவி நர்ஸ் மாரென். அவள் அப்பா பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் பண்ணைப் பன்றியிடம் இந்த மாதிரிக் கிருமி இருப்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"பன்னிப் பண்ணைப் பொண்ணு. கேஸ் முடிஞ்சுது!" என்று கெர்டா கையைத் தட்டிக்கொண்டாள்.

மாரென் மூக்குக்குக் களிம்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மாதக் கடைசியில் முடிவெடுக்கப் போகிறார்கள். அந்தக் குழந்தைகளை விட்டால் அவளுக்கு வேறு உலகமே கிடையாது.

"கை கழுவாம ஒரு குழந்தையக்கூட நான் தொட்டதில்ல, கெர்டா!" என்று போனில் அழுதாள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

பத்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்து எஸ்பென் கூப்பிட்டனுப்பினான். கிருமிகளின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கிறவன் அவன்.

"ஏழு குழந்தைங்களோட கிருமியும் ஒரே குடும்பம். ஒண்ணு, ரெண்டு எழுத்துதான் வித்தியாசம்."

"மாரெனோடது?"

"ஆயிரக்கணக்கான எழுத்து மாறுது. தூரத்துப் பங்காளிகூட இல்ல. பாவம் அந்தப் பொண்ணு."

கெர்டாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப யாருய்யா கொண்டு வந்தது?"

"உன் பட்டியல்ல இல்லாத ஆளு. ஆனா வார்டுக்கு அடிக்கடி வந்து குழந்தைங்களத் தொடுற ஆளு."

கெர்டா பதிலுக்குத் தும்மினாள். பிர்ச் மரம் பூத்தால் அவளுக்கு மூக்கு ஒழுகாமல் இருந்ததே இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் தாய்மார்களுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்க அந்த வார்டுக்குப் போவாள். வகுப்பு முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டே தொட்டில் தொட்டிலாகப் போய்க் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் வருவாள். எஸ்பென் அவள் மூக்கையே பார்த்தான்.

"சீ, போய்யா! இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு!"

"இந்த இருபத்தாறு வருஷத்துல உன் மூக்கை யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்த்ததில்லை. குச்சி அவள் கையில் அல்லவா இருந்தது!

எஸ்பென் குச்சியை எடுத்தபோது இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் பட்ட பாடு அவளுக்குப் புரிந்தது. அடுத்த வாரம் அவன் ஒரு தாளை நீட்டினான்.

"ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பேர் எழுதல, வெறும் அறுபத்து நாலு. நீயே எழுதிக்க."

எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. யாரோ வெளியாள் என்று மூடிவிடலாம். ஆனால் மாரென் இருக்கும்வரை ஊர் வாய் அவளைத்தானே மெல்லும்? கெர்டா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, கொட்டை எழுத்தில் தன் பேரை எழுதினாள். அன்று மத்தியானமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி, மாரெனுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு டூட்டிக்கு வாம்மா. உன் மூக்கு சுத்தமாயிடுச்சு. குழந்தைங்களுக்கு வந்ததும் உன்னால இல்ல. மேலிடத்துல எழுதிக் கொடுத்துட்டேன்."

"நிஜமாவா! யாரு கொண்டு வந்ததுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. வீட்டுக்கு அனுப்பியாச்சு."

"அய்யோ பாவம். ரொம்பத் திட்டிட்டீங்களா?"

"வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்."

"அழுதாங்களா?"

"இன்னும் அழுதுட்டுதான் இருக்கா," என்றாள் கெர்டா. "பஸ்ல எல்லாரும் பாக்குறாங்க."