இர்பானா குடித்த கஷாயம்

என் மனைவி இர்பானாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் பெருமையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மடத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன், எனக்கென்ன வெட்கம்? வில்லியனூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை. கூட்டத்தில் கத்திச் சொன்னவனே நான்தான்.

என் பெயர் நசீர். மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் பெயிண்ட், ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே பெருத்த உடம்பு. கல்யாணத்தன்று தொண்ணூற்றிரண்டு கிலோ. பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரேம், காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே என் வயிற்றைப் பார்த்து ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா பாய், எத்தினியாவது மாசம்?"

மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். ரோஷக்காரன் நான், அதுவும் கெட்ட ரோஷம். ஒரு நாள் நேரே பாண்டிக்குப் போய் ஷூ வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் விடியற்காலை ஊசுட்டேரிக் கரையில் ஓட ஆரம்பித்தேன்.

முதல் வாரம் நாய் மாதிரி மூச்சு இரைத்தது. ஆறு மாதத்தில் பத்து கிலோமீட்டர். ஒரு வருஷத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயம் ஓடி மெடல் வாங்கினேன். அதோடு நிறுத்தினேனா? கடைக்குப் போக பைக்கை விட்டு சைக்கிள். சாயங்காலம் ஜிம்மில் ஒரு மணி நேரம். சோற்றைக் கண்டால் எதிரியைப் பார்ப்பது போல் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை அம்மா பிரியாணி ஆக்கினால் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவேன். இரண்டு வருஷத்தில் அறுபத்தோரு கிலோவுக்கு இறங்கிவிட்டேன்! கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பார்க்கிறவர்களெல்லாம், "நசீர பாருடா, இன்னா பாடி" என்றார்கள். போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் கட்டை மாதிரி விழுந்துவிடுவேன். மனைவி மேல் ஆசை என்று ஒன்று வர வேண்டும் இல்லையா? வரவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை என்றாலே பெரிய விஷயம், அதுவும் பாதியில் சோர்ந்துபோகும். ஆண் உடம்புக்கு விடியற்காலையில் தானாக வருகிற எழுச்சிகூட எனக்கு எப்போது நின்றது என்று தெரியாது. இதில் கூத்தைக் கேளுங்கள். மனசு அடங்கிவிட்டது, கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இர்பானா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏங்க, ஒரு நாளு ஓடாம வூட்ல இருந்தா இன்னா ஆவும்?"

"நானூத்தி பன்னெண்டு நாளா வுடாம ஓடுறேன். போன்ல கணக்கு ஓடிகினு இருக்கு. நின்னா மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும்" என்றேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். வேறொருத்தியாக இருந்தால் போனைத் தூக்கி அடுப்பில் போட்டிருப்பாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். பிள்ளை இல்லையென்றால் பெண்ணைத்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். ஆணைக் கேட்பது மரியாதைக் குறைவு. அம்மா அவளை மூன்று இடத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன், ரத்தம், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரரைக் கூட்டி வா என்று லேடி டாக்டர் இர்பானாவிடம் தனியாகச் சொல்லிவிட்டார். அவள் தயங்கித் தயங்கி வந்து என்னிடம் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்!

"எனக்கு டெஸ்ட்டா? இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுறவனுக்கா?"

ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் இருவரும் பாண்டியில் டாக்டர் புகழ்வேந்தனிடம் போனோம். ரிப்போர்ட் வந்தது. உயிரணு எண்ணிக்கை ரொம்பக் குறைவு, ஆண்மைக்கான ஹார்மோனும் குறைவு. டாக்டர் நிதானமாக என் தினசரி வேலைகளைக் கேட்டார். ஓட்டம், சைக்கிள், ஜிம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சோறு எவ்ளோ சாப்புடுவீங்க?"

"சோறா? ரெண்டு கரண்டி இருக்கும் சார்."

"நசீர், உங்க உடம்பு இப்ப பஞ்சம் வந்துடுச்சின்னு நெனச்சிகினு இருக்கு. பஞ்ச காலத்துல உடம்பு உசுர காப்பாத்திக்கத்தான் பாக்கும், புள்ள பெத்துக்கறத பத்தி யோசிக்காது. எக்சர்சைஸ் நல்லதுதான், யாரு வேணாம்ன்னா? ஆனா நீங்க பண்றதுல பாதியா கொறைங்க. வயிறார சாப்புடுங்க, நல்லா தூங்குங்க. புது அணு உண்டாவ ரெண்டரை, மூணு மாசம் ஆவும். அப்புறம் வாங்க, பாக்கலாம். முக்காவாசி பேருக்கு தானா திரும்பிடும்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிற்பாடு என் உடம்பே எனக்குச் சொன்னது. ஓட்டத்தைக் குறைத்துச் சோற்றைக் கூட்டியதும் ஆசையும் திரும்பியது, எண்ணிக்கையும் ஏறியது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் பார்த்தது டாக்டரின் தொந்தியை மட்டும்தான். தொந்தி வைத்த மனுஷன் ஓடாதே என்றால் எவன் நம்புவான்? என் மூளை வேறு கணக்குப் போட்டது. கடையில் வியாபாரம் குறைந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே திறப்போம் இல்லையா? அதே மாதிரி, உடம்பில் வலு போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாக உழைக்க வேண்டும். அந்த வாரமே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். அட மடையா!

அன்று டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். என் அம்மா சபுராவிடம் எதையும் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"ஆஸ்பத்திரிக்குத்தான போய்ட்டு வரீங்க? இன்னா சொன்னாரு டாக்டரு?"

ரிப்போர்ட் என் சட்டைப் பையில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இர்பானா முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் மாமி கொஞ்சம் கொறை இருக்காம். மருந்து சாப்புட்டா சரியாயிடும்ன்னாரு."

சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கிறவள் போல் உள்ளே போய்விட்டாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் தனியாக இருக்கும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"உங்கள யாராவது ஒரு வார்த்த சொன்னா நீங்க ஒடஞ்சி போயிடுவீங்க. ஒரு தொந்திக்கே இந்தப் பாடு பட்டீங்க. நான் தாங்கிப்பேன். நீங்க டாக்டரு சொன்னத மட்டும் கேளுங்க, போதும்."

தலையை ஆட்டினேன். மறுநாள் காலையில் எழுந்து பதினெட்டு கிலோமீட்டர் ஓடினேன்.

அம்மா சும்மா இருப்பாரா? காட்டேரிக்குப்பத்தில் ஒரு நாட்டு மருந்துக்காரரிடம் பொடி வாங்கி வந்தார். தினமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கஷாயம். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மருமகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தூக்கத்தை விட்டு எழுந்து அவரே காய்ச்சிக் கொடுத்தார். நான் கூடத்தில் ஷூவுக்கு லேஸ் கட்டுகிற நேரமும் இர்பானா அடுப்படியில் டம்ளரைத் தூக்குகிற நேரமும் ஒன்று. ஏழு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் கொல்லையில் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வாயைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்ல, நீங்க போங்க, நேரமாவுது" என்றாள். நானும் போனேன்.

என் தங்கை அர்ஷியாவுக்கு ஏழாம் மாதம் வந்தது. வளையல் போட்டு, பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் விசேஷம். ஆண்களுக்கு வாசல் பந்தலில் விருந்து, பெண்கள் கூடத்தில். இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் ஒரு திரை கட்டியிருந்தோம். விசேஷம் முடியும்வரை ஆண்கள் திரையைத் தாண்ட மாட்டோம்.

அன்று காலையில்கூட முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தேன். வளையல் தட்டை உள்ளே கொடுப்பதற்காகத் திரை அருகில் போய், யாரையாவது கூப்பிடலாம் என்று நின்றேன். உள்ளே பெரியம்மாவின் குரல் கேட்டது.

"இர்பானா, நீ இப்பத்திக்கி வேணாம்மா. புள்ள பெத்தவங்க போடட்டும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு. தப்பா நெனச்சிக்காத."

"பரவாயில்ல பெரியம்மா" என்றாள் இர்பானா.

அவள் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னார், "அவ இன்னா பண்ணுவா, பாவம். அவகிட்டதான் கொறன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

யா அல்லாஹ்! என் வீட்டில், நான் வாங்கி வந்த வளையலை, என் தங்கை கையில் போட அவளுக்கு உரிமை இல்லையாம். எல்லாம் அன்றைக்கு என் சட்டைப் பையில் மறைத்து, பிறகு கடையில் ஒளித்து வைத்த ஒரு காகிதத்தால். அவள் மட்டும் அன்றைக்கு வாசலில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அங்கே தள்ளி நிற்க வேண்டியவன் நான்.

"கொற அவகிட்ட இல்ல!" என்று கத்தினேன். "என்கிட்டதான்! டெஸ்ட்டுல எனக்குத்தான் கம்மி. ஓடி ஓடி நானே என் உடம்ப கெடுத்துகிட்டேன். ஓடாதன்னு டாக்டரு சொல்லியும் கேக்கல. அவ எனக்காக பழிய ஏத்துகினா. ரிப்போர்ட்டு கடையில இருக்கு, யாரு வேணா வந்து பாத்துக்குங்க!"

பந்தலில் முப்பது ஆண்கள் பிரியாணித் தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். பிரேமும் இருந்தான், வாய் பிளந்தபடி. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது அர்ஷியாவின் குரல்தான்.

"அண்ணி, இங்க வா. நீ போட்டாத்தான் நான் வளையல் போட்டுப்பேன். அண்ணே, தட்ட உள்ள குடு."

திரை இடுக்கில் ஒரு கை நீண்டு தட்டை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வளையல் ஏறுகிற சத்தம் கேட்டது. அர்ஷியாவின் வீட்டுக்காரர் கலீலுல்லா ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார்.

"மச்சான், மொதல்ல உக்காருங்க. ஒரு வாய் சோறு சாப்புடுங்க."

சாப்பிட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தட்டு நிறையச் சோறு. பிரேம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தான்.

எல்லோரும் போன பிறகு இர்பானா வந்தாள். "இவ்ளோ சத்தமாவா சொல்லுவீங்க? தெருவுக்கே கேட்டுது" என்று ஆரம்பித்தவள், சொல்லி முடிக்கவில்லை. அழுதுவிட்டாள். ஏழு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் பழக்க தோஷத்தில் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. ஷூ கூடத்து மூலையில் கிடந்தது. தொடவில்லை. அடுப்படியில் அம்மா கஷாயத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். இர்பானா வழக்கம்போல் கையை நீட்டினாள். அம்மா அவள் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"இந்தா. இது உனக்கு."

"அது பொம்பளைங்க குடிக்கற மருந்தும்மா."

"அவளுக்கு ஒரு கொறையும் இல்லாதப்பவே ஏழு மாசம் குடிச்சாள்ல? நீ ஒரு நாளு குடிடா. செத்துட மாட்டே."

அம்மாவின் கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். அடேயப்பா! கசப்பு நாக்கில் நிற்காமல் காது வரைக்கும் ஏறியது. நிமிர்ந்தால் இர்பானா அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல நிறுத்தாதீங்க. மூக்க புடிச்சிகினு ஒரே மூச்சுல குடிங்க. நிறுத்துனா வாந்தி வந்துடும்."

ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் உள்ளே போய் ஒரு துண்டு வெல்லம் எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

வாயில் போட்டுக்கொண்டே கேட்டேன், "உனக்கு தெனமும் வெல்லம் யாரு குடுத்தாங்க?"

"எனக்கா?" என்றாள் இர்பானா, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "யாரும் குடுக்கலங்க."